பள்ளத்தாக்குக்குப் பொதுத் தொலைக்காட்சி: மலை உச்சி டிரான்ஸ்லேட்டரை அடுத்து யார் பார்த்துக்கொள்வது?

#1 பனிச்சரிவு

எல்லோருக்கும் வணக்கம். மொன்டானா மாநிலத்தின் மேற்கே, மலைகளுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறேன். மனைவிக்கு இங்குள்ள சின்ன மருத்துவமனையில் வேலை, நான் வீட்டிலிருந்தே மென்பொருள் பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் இந்த வட்டாரத்தின் டிவி டிஸ்டிரிக்ட்டுக்குத் தன்னார்வலர். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிவி டிஸ்டிரிக்ட் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காக: பெரிய நகரத்து நிலையங்களின் அலை மலையைத் தாண்டி இறங்காது. அதனால் ஊர்க்காரர்கள் சேர்ந்து மலை உச்சியில் ஒரு டிரான்ஸ்லேட்டர் வைப்பார்கள். தூரத்து நிலையத்தை ஒரு சேனலில் வாங்கி, வேறு சேனலுக்கு மாற்றி, பள்ளத்தாக்குக்குள் திருப்பி அனுப்பும் கருவி அது. சொந்த நிகழ்ச்சி எதுவும் கிடையாது. மொன்டானா, ஐடஹோ சட்டங்களில் இதற்கென்று தனி வரி மாவட்டம் அமைக்க வழி இருக்கிறது. யூட்டாவில் பல இடங்களில் கவுண்டியே, அதாவது மாவட்ட நிர்வாகமே, பார்த்துக்கொள்கிறது. நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் பண்ணைக்காரர்கள், ஓய்வுபெற்ற மின்பணியாளர்கள்.

எங்கள் உச்சியிலிருந்து வணிக நிலையங்கள் எல்லாம் வந்துகொண்டிருந்தன. பொதுத் தொலைக்காட்சி, அதாவது லாப நோக்கமில்லாத நிலையம், மட்டும் இல்லை. முன்பு இருந்ததாம். முழுத்திறன் நிலையங்கள் 2009 ஜூன் 12-இல் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. டிரான்ஸ்லேட்டர்களுக்கு 2021 ஜூலை 13 வரை அனலாகில் ஓட அவகாசம் இருந்தது. அந்த இடைவெளியில் 2017 ஏலம் முடிந்து 38 முதல் 51 வரையான சேனல்கள் கைப்பேசி நிறுவனங்களுக்குப் போய்விட்டன. இருந்த பணத்தில் சில பெட்டிகளைத்தான் டிஸ்டிரிக்ட்டால் மாற்ற முடிந்தது. அதிகம் பேர் கேட்டதை வைத்துக்கொண்டார்கள், பொதுத் தொலைக்காட்சி விடுபட்டது.

நான் இங்கே வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மா, "குழந்தைகள் சேனல் வருமா?" என்று கேட்டதிலிருந்து தொடங்கியது இந்த வேலை. இப்போது வருகிறது. பொதுத் தொலைக்காட்சியின் முதன்மைச் சேனல், குழந்தைகள் சேனல் இரண்டும் பள்ளத்தாக்கின் மேல் பாதியில் சாதாரண ஆன்டெனாவில் கிடைக்கின்றன.

புதிய உரிமத்துக்கு நாங்கள் போகவே இல்லை. எஃப்.சி.சி. (ஒளிபரப்பு உரிமம் கொடுக்கும் அமெரிக்க அரசு ஆணையம்) புதிய டிரான்ஸ்லேட்டர் விண்ணப்பங்களை நினைத்தபோதெல்லாம் வாங்காது, அதற்கென்று காலம் அறிவிக்கும்போதுதான். ஆனால் டிஜிட்டல் டிரான்ஸ்லேட்டர் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்களின் ஓடைகளை (ஸ்ட்ரீம்களை) ஒரே சேனலில் கலந்து அனுப்ப விதி இடம்கொடுக்கிறது. மூல நிலையத்தின் முன்சம்மதம் எழுத்தில் வேண்டும், எந்த நிலையத்தை மறு ஒளிபரப்புகிறோம் என்று எஃப்.சி.சி.க்குத் தெரிவிக்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு யூஎச்எஃப் (14 முதல் மேலே உள்ள சேனல்கள்) டிரான்ஸ்லேட்டரில் மல்டிபிளெக்ஸர் (பல ஓடைகளை ஒன்றாக்கும் கருவி) ஒன்றைச் சேர்த்து உள்ளே நுழைத்தோம்.

இதுவரை மலைமேல் ஏறி இறங்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் எண்பதை நெருங்கும் ஒரு முன்னாள் மின்பணியாளர். எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவர். இந்தக் குளிர்காலத்தோடு ஏறுவதை நிறுத்தப்போகிறேன் என்கிறார். அவருக்குப் பிறகு நான் ஒருவன்தான். என் மனைவியின் வேலை வேறு ஊருக்கு மாறினால் யாருமே இல்லை.

பள்ளத்தாக்கின் கீழ்ப்பாதிக்கும் சிக்னல் கொண்டுபோக வேண்டும் என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். செய்யலாமா, அல்லது இருப்பதைக் காப்பாற்ற ஆள் சேர்ப்பதில் முதலில் இறங்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 கேள்விக்குறி

சார், உங்கள் உழைப்பின் மேல் மரியாதையோடுதான் கேட்கிறேன். இன்று செயற்கைக்கோள் இணையம் எந்தக் காட்டிலும் கிடைக்கிறது. பொதுத் தொலைக்காட்சியின் செயலி இலவசம். வயதானவர் ஒருவரைப் பனியில் மலைமேல் ஏற்றி இதைச் செய்யத்தான் வேண்டுமா? அந்த உழைப்பை ஊரின் இணைய இணைப்புக்குப் போட்டால் தொலைக்காட்சியோடு மற்றதும் சேர்ந்து வருமே?

#3 பனிச்சரிவு

நியாயமான கேள்வி. நிர்வாகக் குழுவிலும் இதையே கேட்டார்கள்.

இங்கே செயற்கைக்கோள் இணையம் வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. மாதக் கட்டணம் கட்ட முடியாத வீடுகளும் இருக்கின்றன. முதல் வகையினர் யாரும் என்னிடம் வந்து சிக்னல் கேட்கவில்லை. கேட்டவர்கள் எல்லாம் இரண்டாம் வகை: ஓய்வூதியத்தில் வாழும் தனியாட்கள், பருவத்துக்கு வந்துபோகும் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்கள், டிரெய்லர் வீடுகளில் இருப்பவர்கள். ஆன்டெனாவுக்கு ஒரு முறைதான் செலவு. பிறகு பில் வராது, கடவுச்சொல் மறக்காது.

இன்னொன்று இங்கே வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. செயலி உங்கள் இருப்பிடத்தை இணைய முகவரியை வைத்துத்தான் கணிக்கிறது. செயற்கைக்கோள் இணையத்தில் அந்த முகவரி பல சமயம் வேறு மாநிலத்தின் பெருநகரத்தைக் காட்டும். செயலியும் அந்த ஊர் நிலையத்தைத்தான் முதலில் நீட்டும். எங்கள் மாநிலச் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், 90 நாள் கூடுகிறது. அந்த விவாதங்களை மாநிலப் பொதுத் தொலைக்காட்சி காட்டுகிறது. புல்வெளி வரி, ஆற்று நீர் உரிமை எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. பக்கத்து மாநிலத்து நிலையம் அதைக் காட்டாது.

#4 ஊர்சுற்றி

இதற்கு ஒரு சாட்சி நான். கொலராடோவின் தென்மேற்கில், டுராங்கோ பக்கம் சில காலம் இருந்தேன். அந்த ஊர் இருக்கும் லா பிளாட்டா கவுண்டி தொலைக்காட்சிச் சந்தைக் கணக்கில் நியூ மெக்சிகோவின் அல்புகர்கியோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. செயற்கைக்கோள் டிஷ் போட்டால் உள்ளூர் சேனல் என்று வருவது பக்கத்து மாநிலத்துச் செய்தி. கொலராடோ ஆளுநர் தேர்தல் நடக்கும், டிவியில் நியூ மெக்சிகோ வேட்பாளர்களின் விளம்பரம் ஓடும். அனாதைக் கவுண்டி என்றே அதற்குப் பெயர். அங்கே கொலராடோ நிலையங்களைக் கண்ணில் காட்டியது மலைமேல் இருந்த டிரான்ஸ்லேட்டர்கள்தான்.

கொலராடோவில் இதற்கென்று ஒரு போராட்ட வரலாறே உண்டு. 1950-களில் மலையூர்க்காரர்கள் அனுமதி இல்லாமலே பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கித் திருப்பி அனுப்பும் கருவி) வைத்துக்கொண்டார்கள். எஃப்.சி.சி. மூடச் சொன்னது. ஆளுநராக இருந்த எட்வின் ஜான்சன் ஊர்க்காரர்கள் பக்கம் நின்றார். யூஎச்எஃப் டிரான்ஸ்லேட்டர்களை 1956-இல் அனுமதித்த எஃப்.சி.சி., விஎச்எஃப் (2 முதல் 13 வரையான சேனல்கள்) பூஸ்டர்களை ஏற்க 1960-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. இன்று நீங்கள் வைத்திருக்கும் உரிமத்துக்கு அந்தப் பண்ணைக்காரர்களின் பிடிவாதம்தான் வேர்.

#5 அலைமாலை

ஆர்.எஃப். (ரேடியோ அலை) துறையில் இருக்கிறேன். சில தொழில்நுட்பக் கேள்விகள், பனிச்சரிவு.

மல்டிபிளெக்ஸில் எத்தனை எச்.டி. (உயர் தெளிவு) ஓடைகள் வைத்திருக்கிறீர்கள்? ஏ.டி.எஸ்.சி. 1.0 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில் 6 மெகாஹெர்ட்ஸுக்குள் மொத்தமே விநாடிக்கு 19.39 மெகாபிட். இரண்டு எச்.டி.யும் ஒரு எஸ்.டி.யும் (சாதாரணத் தெளிவு) வைத்தால், நல்ல என்கோடர் (படத்தைச் சுருக்கும் கருவி) இல்லாவிட்டால் பந்து வேகமாக ஓடும்போது படம் கட்டம் கட்டமாக உடையும்.

மூல சிக்னலை எப்படி வாங்குகிறீர்கள், காற்றிலிருந்தா, இணையம் வழியா?

உச்சியில் கைப்பேசி கோபுரம் இருக்கிறதா? 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் கோபுரத்திலிருந்து கீழே வரும் சிக்னல் 617-இல் தொடங்குகிறது. டிவி 608-இல் முடிகிறது. நடுவில் இருக்கும் இடைவெளி சிறியது. அதே உச்சியில் கோபுரம் இருந்தால் உங்கள் முன்பெருக்கி (வாங்கும் சிக்னலைப் பெருக்கும் கருவி) திணறும். படம் போகும், ஆனால் மீட்டரில் சிக்னல் வலுவாகத்தான் தெரியும். பலர் அதில் மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

#6 பனிச்சரிவு

அலைமாலை, இந்தக் கேள்விகளுக்காகத்தான் காத்திருந்தேன்.

இரண்டு எச்.டி., ஒரு எஸ்.டி. ஏற்கெனவே அந்தச் சேனலில் இருந்த வணிக நிலையம் ஒரு எச்.டி., பொதுத் தொலைக்காட்சி ஒரு எச்.டி., குழந்தைகள் சேனல் எஸ்.டி.யில். என்கோடர் எந்த ஓடைக்கு அந்த நொடியில் அதிகம் தேவையோ அதற்கு அதிகம் கொடுக்கிறது. கால்பந்து நேரத்தில் மட்டும் வித்தியாசம் தெரியும், கூர்ந்து பார்த்தால். நிர்வாகக் குழுவில் ஒருவர் அந்த வித்தியாசத்துக்காகவே எதிர்த்து வாக்களித்தார். அவர் வீட்டுக்கே போய், அவர் டிவியிலேயே ஒரு முழு ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்தேன். முடிவில், "இதை வைத்து வாழ்ந்துவிடலாம்" என்றார். அவர் வாக்கு இல்லாமல் தீர்மானம் நிறைவேறியிருக்காது.

இரண்டு மூல நிலையங்களும் மறு என்கோடிங்குக்குத் தனியாக எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. சம்மதக் கடிதத்தில் அந்த வரி இருக்க வேண்டும். சும்மா மறு ஒளிபரப்புக்குச் சம்மதம் என்று மட்டும் வாங்கினால் போதாது.

மூலம் காற்றிலிருந்துதான். உச்சியில் இணையம் கிடையாது. கைப்பேசி கோபுரம் எங்கள் முகட்டில் இல்லை, எதிர் முகட்டில் வரப்போகிறது என்று பேச்சு. அந்த அலையைத் தடுக்கும் பில்டர் இப்போதே போட்டுவிடுகிறேன்.

ஆனால் கோடையில் ஒரு சிக்கல் வருகிறது. பகல் நேரத்தில் பொதுத் தொலைக்காட்சி ஓடை மட்டும் விட்டுவிட்டு நிற்கிறது. இரவில் சரியாகிவிடுகிறது. ஆன்டெனா, கேபிள், இணைப்புகள் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று.

#7 அலைமாலை

உச்சியில் கருவிகள் இருக்கும் உங்கள் குடிசைக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

#8 பனிச்சரிவு

சூரியத் தகடும் பேட்டரியும். மேகமூட்டமான நாட்களுக்கு புரொப்பேன் ஜெனரேட்டர்.

#9 அலைமாலை

மூல நிலையம் உயர் விஎச்எஃப்பில், அதாவது 7 முதல் 13 வரையான சேனலில் இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் சார்ஜ் கன்ட்ரோலரை (சூரியத் தகட்டிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் கருவி). பகலில் மட்டும் வேலை செய்வது அதுதான். மலிவான கன்ட்ரோலர்கள் 174 முதல் 216 மெகாஹெர்ட்ஸ் வரை இரைச்சலைக் கொட்டும். டிஜிட்டலில் சிக்னல் இரைச்சலை விட 15 டெசிபல் அளவு மேலே இருந்தால்தான் படம். அதற்குக் கீழே ஒரு டெசிபல் இறங்கினாலும் ஒன்றுமே கிடையாது, அனலாக் போல மணல் தூவினாற்போல் ஒரு படம் கூட வராது. வணிக நிலையம் யூஎச்எஃப்பில் இருப்பதால் அது தப்பிக்கிறது.

சோதிப்பது எளிது. நல்ல வெயில் நேரத்தில் ஏறி, தகட்டின் பிரேக்கரை இறக்கிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். ரிசீவரில் பிழை எண்ணிக்கை உடனே நின்றால் குற்றவாளி பிடிபட்டார். டிசி கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள், இரு முனைகளிலும் ஃபெரைட் (இரைச்சலை அடக்கும் காந்தப்பொருள் வளையம்) போடுங்கள், கன்ட்ரோலரை உலோகப் பெட்டிக்குள் வைத்து எர்த் செய்யுங்கள். ரிசீவிங் ஆன்டெனாவைக் குடிசையிலிருந்து இன்னும் தள்ளி நடுங்கள்.

#10 திண்ணைவகுப்பு

நான் தொழில்நுட்பம் அறியாதவள், தொடக்கப் பள்ளி ஆசிரியை. அமெரிக்காவில்தான் இருக்கிறேன், கிராமப்புறப் பள்ளி மாவட்டம். கேள்விக்குறி தம்பி கேட்டதற்கு என் பக்கத்திலிருந்து ஒரு பதில்.

2020-இல் பள்ளிகள் மூடியபோது, என் வகுப்புப் பிள்ளைகளில் இணையம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் இரண்டு வகுப்புகளாகப் பிரிந்துவிட்டார்கள். பள்ளிப் பேருந்தை வைஃபையோடு நூலக வாசலில் நிறுத்தினோம். தூரத்துப் பிள்ளைகள் அதற்கும் வர முடியாது. அப்போது பல மாநிலங்களில் பொதுத் தொலைக்காட்சி நிலையங்கள் பகல் நேரத்தை வகுப்புவாரியாகப் பிரித்துப் பாடம் ஒளிபரப்பின. நாங்கள் அந்த நேர அட்டவணையைப் பார்த்துப் பயிற்சித்தாள் அச்சடித்து மதிய உணவுப் பொட்டலத்தோடு அனுப்பினோம். ஆன்டெனா இருந்த பிள்ளை தாளை நிரப்பித் திருப்பி அனுப்பினாள். சிக்னல் எட்டாத மலைச்சரிவில் இருந்த பிள்ளையின் தாள் வெறுமையாக வந்தது. அந்தத் தாள்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

குழந்தைகளுக்கென்று 24 மணி நேர இலவசச் சேனல் 2017 ஜனவரியில் வந்தது. அதைப் பள்ளத்தாக்குக்குள் கொண்டுவந்திருக்கிறீர்கள், பனிச்சரிவு சார். எஸ்.டி.யாக இருந்தாலும் மூன்று வயதுக் குழந்தைக்கு அது போதும். எடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

#11 கேள்விக்குறி

அக்கா, வெறும் தாள் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் வாதத்தை நீட்ட மனம் வரவில்லை. இணையம் வந்தால் டிவி வேண்டாம் என்பதை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரே ஆளை நம்பி இருப்பது ஆபத்து என்பதில் மாறவில்லை. கருவியை விட ஆளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

#12 சைட்காலத்தவன்

இங்கே வயதில் மூத்தவன் நானாகத்தான் இருப்பேன். ஒரு பழைய கதை, பனிச்சரிவு தம்பியின் கேள்விக்கு நேராக வரும்.

சைட் என்று சுருக்கமாகச் சொல்வோம், செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை. நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, இஸ்ரோவும் ஆகாசவாணியும் சேர்ந்து, 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகப் படம் காட்டினார்கள். கோழிக் கூண்டுக் கம்பி வலையில் செய்த டிஷ், ஊருக்கு ஒரு பொதுப் பெட்டி. விவசாயம், சுகாதாரம், காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி. ஓராண்டு முடிந்ததும் அமெரிக்கா செயற்கைக்கோளை நகர்த்திக்கொண்டது. பெரும்பாலான கிராமங்களில் திரை இருண்டது.

அதே காலத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பீஜ் என்ற கிராமத்தில் ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டர் தொடங்கினார்கள். ஊர்க்காரர்களே நடித்தார்கள், பால் கூட்டுறவும் கூலியும் தீண்டாமையும் நிகழ்ச்சிகளில் பேசப்பட்டன. 1984-இல் கிராமத் தகவல்தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு அதற்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே டிரான்ஸ்மிட்டரை எடுத்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தும் நிற்கவில்லை.

நிகழ்ச்சியும் சரி, பொறியியலும் சரி, இரண்டிலும் அப்படி உழைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் செயற்கைக்கோளும் டிரான்ஸ்மிட்டரும் ஊர் பேரில் இல்லை. உங்களுடையது அப்படி இல்லை தம்பி. உரிமம் உங்கள் டிஸ்டிரிக்ட் பேரில், வரி கட்டுவது உங்கள் ஊர், மலைமேல் ஏறுவதும் உங்கள் ஊர். இந்த உடைமையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பாதிக்கு விரிப்பது பிறகு ஆகட்டும். முதலில் ஆள்.

#13 கணக்கர்

பணப் பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 1967-இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட பொது ஒளிபரப்புச் சட்டத்தால் பிறந்த பொது ஒளிபரப்புக் கழகத்துக்கு (பொது நிலையங்களுக்குக் கூட்டாட்சிப் பணம் பகிர்ந்த அமைப்பு) ஒதுக்கிய 110 கோடி டாலரை, இரண்டு ஆண்டுக்கான தொகையை, 2025 ஜூலையில் காங்கிரஸ் திரும்பப் பெற்றுவிட்டது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி கழகம் தன் செயல்பாட்டை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பெருநகர நிலையங்களுக்குக் கொடையாளிகள் அதிகம். கிராமப்புற நிலையங்களின் வரவுசெலவில்தான் அந்தக் கூட்டாட்சிப் பணம் பெரிய பங்கு.

பனிச்சரிவு, உங்கள் டிரான்ஸ்லேட்டரின் செலவு உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் மூல நிலையம் ஆட்டம் கண்டால் நீங்கள் எதை மறு ஒளிபரப்புவீர்கள்? நிலையத்திடம் ஐந்தாண்டுத் திட்டம் என்ன என்று கேட்டீர்களா? அடுத்து, டிரான்ஸ்லேட்டர் சொந்த நிகழ்ச்சி போடக்கூடாது என்றாலும், நிதி ஆதரவு கேட்கவும் நன்றி சொல்லவும் மணிக்கு ஒரு முறை 30 விநாடி வரை விதி அனுமதிக்கிறது. உடனடி ஆபத்து எச்சரிக்கைக்கும் இடமுண்டு. அந்த 30 விநாடியைப் பயன்படுத்துகிறீர்களா?

#14 பனிச்சரிவு

கணக்கர் சார், 30 விநாடி பற்றி எனக்குத் தெரியும், பயன்படுத்தவில்லை. காரணம் எளிது. அதைச் செருகத் தனிக் கருவி வேண்டும். எங்கள் மல்டிபிளெக்ஸரில் ஒரு நிலைப்படத்தை ஏற்ற முடியும் என்கிறார்கள், பார்க்கிறேன். "இந்தச் சேனலை உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் பராமரிக்கிறார்கள், மலை ஏற ஆள் தேவை" என்று ஒரு பலகை போடலாம் என்று இப்போது தோன்றுகிறது. அது நிதியில் சேருமா உழைப்பில் சேருமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

மூல நிலையத்தாரிடம் பேசினேன். ஆள் குறைப்பு, நிகழ்ச்சிக் குறைப்பு எல்லாம் இருக்கும், ஆனால் டிரான்ஸ்மிட்டரை அணைக்கும் எண்ணம் இல்லை என்றார்கள். நம்புகிறேன். இந்த ஆண்டு எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து நிலையத்துக்கு நேரடியாக நன்கொடை போயிருக்கிறது, அதில் பாதிப்பேர் முன்பு அந்தச் சேனலைப் பார்த்ததே இல்லாதவர்கள்.

குழுவில் எப்படிச் சம்மதம் கிடைத்தது என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பொதுவிலேயே சொல்கிறேன். பொதுத் தொலைக்காட்சி என்றதும் அது ஒரு கட்சிச் சார்பு என்ற பேச்சு இங்கே உடனே எழும். முதல் கூட்டத்தில் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே நேரம் போனது. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போனேன். யாரிடமும் கொள்கை பேசவில்லை. என்ன பார்க்க ஆசை என்று மட்டும் கேட்டேன். ஒரு பண்ணைக்காரர், விவசாயிகள் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளுக்குப் பல்கலைக்கழக நிபுணர்கள் நேரலையில் பதில் சொல்லும் நிகழ்ச்சியை முன்பு பார்ப்பாராம், அது போனதிலிருந்து வருத்தம். இன்னொருவர் மனைவிக்குத் தையல், தச்சு நிகழ்ச்சிகள். ஒரு பாட்டிக்கு ஆங்கில நாடகங்கள். அவர்களையே கூட்டத்துக்கு வரச் சொன்னேன். நான் பேசவேண்டிய தேவையே வரவில்லை.

ஒளிபரப்பு தொடங்கிய வாரம் செய்த வேலைதான் மிகப் பெரியது என்று இப்போது நினைக்கிறேன். சேனல் வந்தாலும் டிவியை ரீஸ்கேன் செய்யாவிட்டால், அதாவது சேனல்களை மறுபடி தேடவிடாவிட்டால், தெரியாது. ஊரில் பாதிப் பேருக்கு அந்த மெனு எங்கே என்றே தெரியாது. மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய் ரீஸ்கேன் செய்து கொடுத்தோம். பரணில் எலி கடித்த கேபிள், துருப்பிடித்த இணைப்பு, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ஆன்டெனா. மலைமேல் செய்ததை விட வீடுகளுக்குள் செய்தது அதிகம்.

#15 திண்ணைவகுப்பு

சார், உங்கள் ஆட்களை நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த மேல்நிலைப் பள்ளி மாணவர்கள்!

#16 கேள்விக்குறி

அதையேதான் எழுத வந்தேன். அவர்களில் மலை ஏற விருப்பம் உள்ளவர்கள் யாராவது?

#17 பனிச்சரிவு

இரண்டு பேர் உண்டு. ஒரு பெண் கேபிள் முனை போடுவதில் என்னை விடக் கை சுத்தம். ஆனால் சிறார்களைப் பனியில் உச்சிக்கு அழைத்துப்போவது பெற்றோர் சம்மதம், காப்பீடு என்று நீளும். பள்ளி முடித்ததும் கல்லூரிக்கு வெளியூர் போய்விடுவார்களே என்ற தயக்கமும் இருந்தது.

#18 உச்சிக்குடிசை

நான் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன், இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். யூட்டாவில் கவுண்டி ஒன்றின் டிரான்ஸ்லேட்டர் தளங்களில் ஒப்பந்த வேலை பார்த்திருக்கிறேன். மாநிலத்தின் பொதுத் தொலைக்காட்சி பெரிய டிரான்ஸ்லேட்டர் வலையில்தான் தெற்கு மூலை வரை போகிறது. ஒன்று அடுத்ததற்கு ஊட்டும், அது அதற்கடுத்ததற்கு. முதல் கண்ணியில் பனி உறைந்தால் கடைசி ஊர் வரை இருட்டு.

வெளியூர் போய்விடுவார்கள் என்று பயப்படாதீர்கள். நிரந்தரமான ஓர் ஆளைத் தேடினால் கிடைக்கவே மாட்டார். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருவர் மாறினாலும் பரவாயில்லை என்கிற மாதிரி வேலையை அமைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டியது எழுத்து. பெரியவர் தலைக்குள் இருப்பது எல்லாம் குடிசைக்குள் ஒரு நோட்டில் இருக்க வேண்டும். எந்த பிரேக்கர் எதற்கு, சரியாக ஓடும்போது மீட்டரில் என்ன காட்டும், எந்த ஃபியூஸ் எந்தப் பெட்டியில், கதவு பனியில் ஒட்டிக்கொண்டால் எந்தப் பக்கம் தள்ள வேண்டும், அனைத்தும். நான் போன ஒரு தளத்தில் 1970-களில் எழுதத் தொடங்கிய நோட்டு தொடர்ந்துகொண்டிருந்தது. எழுதியவர்கள் பலர் இறந்துவிட்டார்கள், ஆனால் காற்று வடமேற்கிலிருந்து அடித்தால் ஆன்டெனாவில் எந்தப் பக்கம் பனி ஏறும் என்ற குறிப்பு எனக்கு ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தியது.

அடுத்தது தொலைக்கண்காணிப்பு. உச்சியில் இணையம் இல்லை என்கிறீர்கள். செல் சிக்னல் ஒரு கோடு வந்தாலும் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி போதும். பேட்டரி வோல்ட், டிரான்ஸ்மிட்டர் வெளியீடு, மூல சிக்னல் தரம் மூன்றும் தினமும் வரட்டும். தொலைவிலிருந்தே ரீபூட் செய்ய முடிந்தால் குளிர்காலத்தில் ஏற வேண்டிய தேவை மிகவும் குறைந்துவிடும். ஏறினால் இருவராகத்தான் ஏற வேண்டும். அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆன்டெனா பக்கம் போகுமுன் டிரான்ஸ்மிட்டரை அணைப்பதும் அப்படியே.

#19 அலைமாலை

உச்சிக்குடிசை சொன்னது நூற்றுக்கு நூறு. கீழ்ப்பாதி விரிவாக்கம் பற்றி ஒரு வரி: டிரான்ஸ்லேட்டர் இரண்டாம் நிலைச் சேவை. முழுத்திறன் நிலையத்துக்கு இடையூறு தரக்கூடாது, அங்கிருந்து வரும் இடையூறைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு சேனல் எடுத்தால் நாளை இன்னொரு இடமாற்றத்தில் அதையும் இழக்கலாம். அதற்குப் பதிலாக இருக்கும் ஆன்டெனாவின் வடிவத்தை மாற்றி, கீழ்ப்பாதியின் திசையிலும் கொஞ்சம் சக்தி போகுமா என்று கணக்கிடுங்கள். உரிமத்தில் திருத்தம் தேவைப்படும், ஆனால் இரண்டாவது உச்சி, இரண்டாவது குடிசை, இரண்டாவது சாலை எதுவும் வேண்டாம்.

#20 பனிச்சரிவு

அனைவருக்கும் நன்றி. பெரியவரிடம் இந்த இழையை வாசித்து மொழிபெயர்த்துச் சொன்னேன். நோட்டு யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது. தானே எழுதமாட்டாராம், சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுத வேண்டுமாம். அவள் அப்பாவும் சம்மதித்துவிட்டார், தானும் கூட ஏறுவேன் என்கிறார். ஆக இருவர் கிடைத்துவிட்டார்கள்.

நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானம் வைக்கிறேன். இருவர் இல்லாமல் யாரும் ஏறக்கூடாது. குறுஞ்செய்திக் கண்காணிப்புக் கருவிக்கு இந்த ஆண்டே பணம். கீழ்ப்பாதி ஆய்வு அடுத்த ஆண்டு, அதுவும் ஆன்டெனா வடிவம் மாற்றும் வழியில் மட்டும்.

சாலை பனியால் மூடுமுன் கன்ட்ரோலர் சோதனையைச் செய்துவிட வேண்டும். அலைமாலை, ஃபெரைட்டில் எந்தக் கலவை வாங்குவது? கடையில் எண்கள் போட்டு நாலைந்து வகை இருக்கின்றன.

#21 அலைமாலை

விஎச்எஃப் இரைச்சலுக்கு 43 அல்லது 61. 31-ஐ எடுக்காதீர்கள், அது கீழ் அலைவரிசைகளுக்கு. கம்பியை உள்ளே ஒரு முறை விடுவதோடு நிறுத்தாமல், இடம் இருந்தால் இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பிரேக்கர் இறக்கும் முன்னும் பின்னும் பிழை எண்ணிக்கையைக் குறித்து இங்கே போடுங்கள். அந்தப் பெண்ணையே குறிக்கச் சொல்லுங்கள், நோட்டின் முதல் பக்கத்துக்கு ஆயிற்று.